இழையும் இழையமும்

கல்முனைக்கு வடக்கே மருதமுனையில் தறியொலி கேட்டு வளர்ந்தோர்க்கு இழையின் அருமை தெரியும். பாவிலோ ஊடையிலோ சில இழைகள் நைந்தாலும் துணி முழுதும் கெடும். உடற்கூற்றிற் பயிலும் இழையம் என்னும் கலைச்சொல்லும் அச்சொல்லடியாகப் பிறந்ததே.

இதயத்தினின்று புறப்படும் பெருநாடியின் சுவரும் ஒருவகை நெசவே. அடுக்கடுக்கான மீள்தன்மை நார்கள் ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்குகின்றன. அழற்சி புகுந்தால் அந்நார்கள் அறுகின்றன. சுவர் தடித்துக் கிளைநாடிகள் ஒடுங்குகின்றன. 1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் தகயாசு, இளம்பெண்ணொருத்தியின் விழித்திரைக் குருதிக்கலன்களிற் கண்ட மாற்றங்களை வெளியிட்டார். அவர் பெயரால் வழங்கும் இந்நோய், நாற்பது வயதுக்குட்பட்ட பெண்களையே பெரிதும் பற்றுவது. மணிக்கட்டில் நாடித்துடிப்பு மங்குவதால் ‘நாடியற்ற நோய்’ எனவும் பெயர் பெற்றது.

இவ்வழற்சிக்கு நேர்ச்சாட்சி இழையமே. முதியோர்க்கு வரும் இராட்சதக்கல நாடியழற்சியில், நெற்றிப்பொட்டு நாடியின் ஒரு துண்டை வெட்டியெடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கலாம். அழற்சி விட்டுவிட்டுப் பரவுவதால், துண்டு ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையின் நோய் கண்ணுக்குத் தப்பவும் கூடும். ஆனால் உயிருள்ளாரின் பெருநாடியை அவ்வாறு வெட்டிப் பார்த்தல் இயலுமோ? வீங்கிய பகுதியைச் சத்திரசிகிச்சையில் அகற்றும்போதோ, மரணத்தின் பின்னரோதான் அவ்விழையம் கைக்கு வரும். ஜனாஸாவை விரைந்து நல்லடக்கம் செய்யும் இவ்வூர்களிற் பின்னதை எதிர்பார்ப்பதற்கில்லை. ஆதலின் அகற்றப்பட்ட துண்டு, கழிவென எறியப்படாது நோயியலாளரைச் சென்றடைதல் வேண்டும்.

அவர் அதற்கிடும் ஹெமட்டொக்சிலின் சாயம், முன்னாளில் துணிக்கும் நிறமேற்றிய அமெரிக்க மரமொன்றிலிருந்து பெறப்படுவது. அச்சாயத்தில் அழற்சிக் கலங்களும் இராட்சதக் கலங்களும் தெளிவுறும். அதனையே கொண்ட வேறொரு சாயக்கலவை அறுந்த நார்களைக் கருமையாகக் காட்டும். எனினும் இளையோரின் நோயும் முதியோரின் நோயும் இழையத்தில் ஒன்றுபோலவே தோற்றும். எந்நோயென முடிவுசெய்ய நோயாளியின் வயதும் உடற்குறிகளும் வேண்டும். சாட்சி இழையத்தினது, தீர்ப்போ முழு மனிதரையும் நோக்கியே வழங்கப்படுவது.

அச்சாட்சி வருமுன்பே நார்கள் அறுந்துவிடுகின்றன என்பதே இதன் அவலம். தறியிலிருக்கும் இளம்பெண் “கையெல்லாம் சோருது” என்றால், வேலைக்களைப்பென்று வீட்டார் அமைதியுறுவர். ஒடுங்கிய நாடி, உழைக்கும் கைக்குப் போதிய குருதி தராமையாலும் அச்சோர்வு வரலாம் என்பதை எவர் நினைப்பர்? இரு கைகளிலும் நாடி பார்த்து, இரு கைகளிலும் குருதியமுக்கம் அளக்கச் சில நிமிடங்களே போதும். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தோன்றின், மேலும் ஆராய அதுவே தூண்டுகோலாகும்.

நைந்த இழையைத் துணி கிழியுமுன் விரலாற் கண்டுகொள்பவரே நல்ல நெசவாளி. நாடி பார்க்கும் விரலுக்கும் அவ்வறிவு வேண்டும்.