அம்மாக்கள் கூட்டம்

அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் எனக்குப் பெற்றோர் கூட்டம் என்றால் அம்மாக்கள் கூட்டம்தான். அன்றைய கூலியை விட்டுவிட்டு வருபவர்கள் அவர்களே. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கைப் பெற்றோருக்கும், பாதி இடத்தைப் பெண்களுக்கும் தந்தது. உட்கார நாற்காலி கிடைத்தது. பேசினால் என்ன ஆகுமோ என்ற பயம் போகவில்லை.

மகள் கணக்கில் பின்தங்கியிருப்பதைச் சொன்னதும் ஒரு தாய் குரலைத் தாழ்த்தினார்: “இதை வீட்டுல சொன்னா அடி எனக்குத்தான் டீச்சர். நீ வளர்த்த லட்சணம்னு கேப்பாரு.”

இப்படி மறைக்கும் அம்மாக்களை ‘பொறுப்பில்லாதவர்கள்’ என்கிறது ஆசிரியர் அறை. மதிப்பெண் குறைந்தால் எங்களைத் தலைமையாசிரியர் கேட்கிறார். அவர்களைக் கணவர் கேட்கிறார். பயந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்கிறோம்.

அந்தப் பெண்ணுக்கு மாலையில் பள்ளியிலேயே கணக்குச் சொல்லித்தருகிறேன். அடுத்த கூட்டத்துக்கு அப்பாக்களையும் வரச் சொல்லியிருக்கிறேன், கேள்வி அவர்களுக்கும்தான்.