சாவி யாரிடம் இருக்கிறது?

நாகர்கோவிலில் இறங்கி நாலு தெரு நடந்து பாருங்கள். ‘ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ’ விளம்பரம் எப்படியும் கண்ணில் படும். படித்து முடிக்கும் பையன்கள் துபாய்க்கும் கத்தாருக்கும் பறந்து, சேஃப்டி ஆபீஸர் ஆகிறார்கள். சைரன் ஒலித்தால் எந்த வழியாக வெளியேறணும், எங்கே கூடணும், யார் தலை எண்ணணும்... எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

சந்தோஷம்தான். ஆனால், அதே மாவட்டத்தின் ஆபத்தான வேலையிடம் எது தெரியுமா? கடல்!

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். ‘கடலுக்குப் போகாதீர்கள்’ என்ற எச்சரிக்கை முந்தைய நாள்தான் வந்தது. தூத்தூர், வள்ளவிளை பக்கத்து மீனவர்கள் பலர் அதற்கு முன்பே ஆழ்கடலில் இருந்தார்கள். டி.வி-யில் ஓடிய செய்தி அவர்களுக்கு எப்படிப் போகும்? குமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவே இல்லை. சாட்டிலைட் மூலம் தகவல் பெறும் கருவிகள் படகுகளுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

அவசரகாலப் பயிற்சியின் சாரமே இரண்டு வரிதான். செய்தி கடைசி ஆள்வரை போகணும். போனதும், யோசிக்காமல் கைகால் வேலை செய்யணும். இரண்டாவதற்கு ஒரே மருந்து, ஒத்திகை!

நியூயார்க் இரட்டை கோபுரத்தில் மார்கன் ஸ்டான்லி கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர் ரிக் ரெஸ்கோர்லா. 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு ஊழியர்களை அடிக்கடி படியிறங்க வைத்துப் பழக்கினார். ‘இந்த ஆளுக்கு வேற வேலையில்ல’ என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. 2001 செப்டம்பர் 11 அன்று சுமார் 2,700 பேரில் ஏறக்குறைய எல்லோரும் உயிரோடு வெளியே வந்தார்கள். மிச்சமிருப்பவர்களைத் தேடி மேலே போன ரெஸ்கோர்லா திரும்பவில்லை.

நம் ஊரில்? 1984 போபாலுக்குப் பிறகு, 1987-ல் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான ஆலைகளில் அவசரகாலத் திட்டம் கட்டாயம் என்றார்கள். ஆனால், ஃபைலில் தூங்கும் திட்டம் யாரையும் தூக்கிக்கொண்டு ஓடாது.

நான் பி.காம். கணக்குப் பாஷையில் சொன்னால், ஒத்திகை எப்போதும் செலவுப் பக்கம்தான். வரவு வரும் நாளில் அது ரூபாயாக இருக்காது. உயிராக இருக்கும்.

லீவில் ஊருக்கு வரும் தம்பிகளே... கடலைப் பற்றி நம் மீனவர்களுக்கு நீங்கள் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆனால், லைஃப் ஜாக்கெட்டை எப்படி இறுக்கணும், கடலோரக் காவல் படையின் 1554-ல் என்ன தகவலை முதலில் சொல்லணும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசலாமே!

நீங்களும்தான் சார்... நாளைக்கு ஆபீஸ் போனதும் அந்த எமர்ஜென்சி கதவைத் தள்ளிப் பாருங்கள். திறக்கவில்லையா? சாவி யாரிடம் என்று நாளைக்கே கேட்டுவிடுங்கள்!