ஊர் கூடி இழுக்கும் தேர்



ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் அப்படி ஒரு தேர்தான். யார் வேண்டுமானாலும் வடம் பிடிக்கலாம்; நம் தெருவை நாமே வரையலாம். நானும் பிடித்தேன். பிடித்த இடத்தில்தான் ஒரு தப்பும் செய்தேன்.

அந்த வரைபடத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் 'டேக்' போடுகிறோம். ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு... அவ்வளவுதான். தொலைபேசி எண்ணை 'போன்' என்றும் போடலாம், 'கான்டாக்ட்:போன்' என்றும் போடலாம். இணைய முகவரிக்கும் அப்படியே 'வெப்சைட்', 'கான்டாக்ட்:வெப்சைட்'. இரண்டும் புழக்கத்தில் உள்ளன. "தொடர்பு விவரமெல்லாம் ஒரே குடும்பப் பெயரோடு இருக்கட்டும்" என்பது ஒரு கட்சி. "சின்னப் பெயரே போதும்; அதைத்தான் அதிகம் பேர் போடுகிறார்கள். வெப்சைட் படிக்கத்தானே, தொடர்பு கொள்ளவா?" என்பது எதிர்க்கட்சி.

எனக்கு முதல் கட்சி பிடித்தது. எங்கள் ஊர் கால்நடை மருத்துவமனைப் பலகையில் இருந்த புது எண்ணைக் 'கான்டாக்ட்:போன்' என்று ஏற்றினேன். முன்பே யாரோ பழைய எண்ணைப் 'போன்' என்று போட்டிருந்ததை நான் பார்க்கவேயில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலை, எங்கள் பசு கன்று போட முடியாமல் தவித்தது. "டேய், நீதான மேப்புல போட்ட? டாக்டருக்குப் போன் போடுடா!" என்றார் அப்பா. என் கைபேசிச் செயலி 'போன்' டேக்கை மட்டும்தான் படித்தது. பழைய எண்... உபயோகத்தில் இல்லை! பதற்றத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அப்பா சைக்கிளை மிதித்துப் போய் டாக்டரை அழைத்து வந்தார். பசு பிழைத்தது. கன்று பிழைக்கவில்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. "படிச்சவன் எழுதுனது, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அந்தச் சொல் இன்னும் குத்துகிறது.

அன்று முதல் நான்கு கேள்வி கேட்டுத்தான் டேக் போடுகிறேன். அந்த இடத்தை அழைக்கும் வழியா? அப்படியானால் போன் அல்லது ஈமெயில். எண்ணுக்கு முன் +91, எஸ்.டி.டி. எண்ணின் முதல் சைபர் வேண்டாம். அந்த இடமே நடத்தும் பக்கமா? வெப்சைட். அதைப் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையா? விக்கிப்பீடியா. எனக்குத் தகவல் தந்த இடமா? சோர்ஸ். பலகையில் இல்லாத, ஒருவருடைய சொந்தக் கைபேசி எண்ணை ஏற்றுவதே இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்து, அதையே திருத்துகிறேன். எந்தக் கட்சியில் இருந்தாலும் சரி, ஒரே இடத்துக்கு இரண்டு எண் நிற்கக் கூடாது!

நண்பர்களே! ஆளுக்கொரு திசையில் வடம் இழுத்தால் தேர் நிலைக்கு வருமா? நாம் போடும் ஒரு வரியை நம்பி, எங்கோ ஒரு வீட்டில் யாரோ பதறிக்கொண்டு நிற்கலாம். பார்த்துப் போடுவோம்!