யாருடைய வாழ்நாள்?

இம்முறை இலக்கணத்தோடு இயந்திரமும் கலந்து வருகிறது, பொறுத்தருள்க.

‘வாழ்நாள் எண்ணெய்’ என்னும் தொடர் ‘வாழ்நாளுக்குரிய எண்ணெய்’ என விரியும். நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று மாணவர் சொல்லிவிடுவர். ஆனால் யாருடைய வாழ்நாள் என்பதை இலக்கணம் சொல்வதில்லை.

1996இல் மெர்சிடிஸ் பென்ஸ் அறிமுகப்படுத்திய 722.6 என்னும் தானியங்கி கியர் பெட்டியில் இருந்தது அத்தகைய எண்ணெய்தான். அளவு பார்க்கும் குழாய் உண்டு. உள்ளே டிப்ஸ்டிக் இல்லை. குழாயின் வாயில் முத்திரையிட்ட மூடி. பின்னாளில் அந்நிறுவனமே எண்ணெயை மாற்றச் சொன்னது.

சிங்கப்பூரிலோ வாழ்நாளுக்கு வேறு கணக்கு. 1990இல் நடப்புக்கு வந்த சிஓஇ என்னும் உரிமைச் சான்றிதழ் காருக்குப் பத்தாண்டு தருகிறது. அதன்பின் பணம் கட்டி ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ புதுப்பிக்கலாம். இல்லையேல் வண்டியைக் கைவிடவேண்டும். சிராங்கூன் சாலையில் கடை வைத்திருக்கும் என் நண்பர், 2002இல் பதிவான காருக்கு இருமுறை புதுப்பித்தவர். இத்தனை பணம் கட்டியவருக்கு எண்ணெயின் அளவு தெரியக்கூடாதா? டிப்ஸ்டிக் ஒன்றைத் தனியே வாங்கினார். சின் மிங் பட்டறைக்கு நானும் உடன் சென்றேன்.

“அண்ணே, இதைக் குழாயிலேயே விட்டுவிடாதீர்கள்” என்றார் பட்டறைக்காரர். அக்கம்பி எண்ணெய்த் தொட்டியின் அடிவரை இறங்குவது. அளந்ததும் எடுத்துவிட வேண்டும். சமதரையில், இயந்திரம் ஓட, கியர் ‘பி’யில் இருக்க அளக்கவேண்டும். கம்பியில் 25 பாகைக்கு ஒரு குறி, 80 பாகைக்கு அதற்கு மேலே இன்னொன்று. சூடேறினால் எண்ணெய் விரியுமன்றோ? சூட்டை அறியாமல் அளந்தால் அளவு பொய்யாகும். குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும், கிளட்ச் வழுக்கும்; மிகுந்தால் நுரைக்கும். நண்பரின் வண்டியில் 80 பாகையில் அளவு சரியாகவே இருந்தது.

எல்லா வண்டிக்கும் இவ்வழி பொருந்தாது. டொயோட்டாவின் பல கியர் பெட்டிகளில் குழாயே இல்லை. குறித்த சூட்டில் அடியிலுள்ள திருகைக் கழற்றி, மிகுதி வழிந்து சொட்டாக நிற்கும்வரை காத்திருந்து சரிபார்ப்பர். அங்கே துளையிட்டுக் கம்பி செருக முனைவது வீண் வேலை. திருகறிந்த கை போதும்.

மூடியிட்டவர்க்கும் ஒரு நியாயம் உண்டு: அறியாத கை தவறான எண்ணெயை ஊற்றிவிடும். எனினும் விற்றவரின் வாழ்நாள் கணக்கு உத்தரவாதத்தோடு முடிகிறது. வாங்கியவரின் கணக்கு அதன்பிறகே தொடங்குகிறது. ஆகவே ‘வாழ்நாள்’ என்று எவரேனும் விற்றால், ஆறாம் வேற்றுமை உருபைச் சேர்த்துக் கேளுங்கள்: யாருடைய?