டாபிக்கு என்ன சம்பளம்?

மகளுக்குப் பன்னிரண்டு வயது. ராத்திரி படுக்கப் போகும் முன் ஹாரி பாட்டர் படிக்கிறாள். படித்துவிட்டுச் சும்மா தூங்கினால் பரவாயில்லை. ஒரு கேள்வி கேட்டு, என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டுத்தான் தூங்குவாள். போன தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் வந்த கேள்வி: ‘‘அப்பா, டாபிக்கு சம்பளமே கிடையாதா?’’

அன்று காலையில்தான் எங்கள் வீட்டிலும் ஒரு சம்பளப் பேச்சு நடந்திருந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

டாபி யாரென்று தெரியாதவர்களுக்கு: ஜே.கே.ரௌலிங் 1998-ல் வெளியிட்ட இரண்டாவது ஹாரி பாட்டர் புத்தகத்தில் வரும் ‘வீட்டு எல்ஃப்’. (குட்டிச்சாத்தான் என்று நான் தமிழ்ப்படுத்தியதற்கு மகள் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.) பெரிய காது, பிதுங்கிய பச்சைக் கண், உடுப்பு என்று ஒரு பழைய தலையணை உறை. பணக்கார மந்திரவாதி வீட்டில் ராப்பகலாக உழைக்கிறான். கூலி கிடையாது, அடி உதை உண்டு. எஜமான் கையால் ஒரு துணி கிடைத்தால் மட்டும் அந்த நிமிஷமே விடுதலை. அதனால் ஒரு சாக்ஸ்கூட அவன் கைக்குப் போய்விடாமல் அந்த வீட்டில் உஷாராக இருப்பார்கள். கடைசியில் ஹாரி ஒரு டைரியைத் தன் அழுக்கு சாக்ஸுக்குள் திணித்து எஜமானிடம் நீட்ட, அந்த ஆள் சாக்ஸை உருவி வீச, டாபி அதைப் பிடித்துவிடுகிறான். தீர்ந்தது அடிமைத்தனம்.

துணி கொடுத்தால் வேலைக்காரன் போய்விடுவான் என்பது ரௌலிங்கின் சொந்தச் சரக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. இங்கிலாந்துக் கிராமங்களில் நூற்றாண்டுகளாகப் புழங்கிய நம்பிக்கை. வடக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ‘பிரௌனி’, யார்க்‌ஷயர் பக்கம் ‘ஹாப்’. ‘டாபி’ என்பதே அந்த வட்டாரத்தில் வீட்டுக் குட்டித் தேவதைக்கு வழங்கிய பெயர்தான். எல்லோரும் தூங்கிய பிறகு வருவான். கதிரடிப்பான், வெண்ணெய் கடைவான், வீடு பெருக்குவான். அடுப்படியில் ஒரு கிண்ணம் பாலாடை வைத்தால் போதும். ஆனால் ‘இந்தாப்பா உன் கூலி’ என்று கொடுத்துவிடக் கூடாது. தற்செயலாக வைத்த மாதிரி வைக்க வேண்டும். பாவம், குளிரில் கந்தலோடு திரிகிறானே என்று யாராவது சட்டை தைத்து வைத்தால் போச்சு. மறுநாளிலிருந்து வரமாட்டான்.

1584-ல் ரெஜினால்ட் ஸ்காட் என்பவர் சூனியம், மந்திரம் எல்லாம் புரட்டு என்று வாதாடி ஒரு புத்தகம் எழுதினார். அதிலேயே இது இருக்கிறது. ராபின் குட்ஃபெல்லோவுக்கு வெள்ளை ரொட்டியும் பாலும்தான் வாடிக்கையான கூலியாம். துணி வைத்தால் கோபித்துக்கொள்வானாம்.

ஏன் கோபம்? ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். புதுச் சட்டை வந்ததும் மிதப்பு வந்து, இனி வேலை எதற்கு என்று போகிறான் என்பது ஒன்று. பிரியத்துக்குச் செய்ததற்கு விலை பேசிவிட்டார்களே என்ற ரோஷம் என்பது இன்னொன்று. எனக்குப் பிடித்தது லிங்கன்ஷயர் கதை. அங்கே ஒருவனுக்கு வருஷத்துக்கு ஒரு நல்ல லினன் சட்டை வழக்கம். ஒரு வருஷம் பண்ணைக்காரர் கஞ்சத்தனம் பண்ணி முரட்டுச் சணல் சட்டையை வைத்தார். ஆள் திட்டிவிட்டுக் கிளம்பிவிட்டான். இவன் தொழிற்சங்கத்தில் இருந்திருக்க வேண்டியவன்.

பி.காம். முதல் வருஷத்தில், கூலியை ஒரு தலைப்பில் எழுது, அன்பளிப்பை இன்னொரு தலைப்பில் எழுது என்று சொல்லிக்கொடுத்தார்கள். இந்தப் பாலாடையை எந்தத் தலைப்பில் எழுதுவது? கதை முழுக்க அந்தக் குழப்பத்தில்தான் ஓடுகிறது.

குழந்தைகளுக்கு எழுதியவர்கள் அவரவர் வசதிக்கு இதைத் திருப்பிக்கொண்டார்கள். 1865-ல் ஜூலியானா ஹொரேஷியா யூயிங் எழுதிய கதையில், பிரௌனியைத் தேடிப் போகும் பையன் குளத்தில் எட்டிப் பார்த்தால் தன் முகம்தான் தெரிகிறது. அதாவது, பிள்ளைகளா, நீங்கள்தான் பிரௌனி. விடியற்காலையில் எழுந்து அப்பாவுக்குத் தெரியாமல் வீட்டைச் சுத்தம் பண்ணுங்கள்! பெற்றோருக்கு இதைவிட லாபமான கதை கிடையாது. சாரணர் இயக்கத்தில் சின்னப் பெண்களுக்கு 1914-ல் வைத்த ‘ரோஜா மொட்டுகள்’ என்ற பெயர் அவர்களுக்கே பிடிக்காமல் போக, மறு வருஷம் ‘பிரௌனி’ என்று மாற்றியது இந்தக் கதையை வைத்துத்தான். நம்மூரில் அந்தப் பிள்ளைகளுக்கு ‘புல்புல்’ என்று பெயர். பறவை, சம்பளத் தகராறு இல்லை.

தேவதைக் கதைகளுக்கு அகராதியே போட்ட கேத்தரின் பிரிக்ஸ், 1955-ல் ‘ஹாபர்டி டிக்’ என்று ஒரு நாவல் எழுதினார். உள்நாட்டுப் போர் முடிந்த காலம். காட்ஸ்வோல்ட்ஸில் ஒரு பழைய பங்களா. இதெல்லாம் பாவம் என்று நினைக்கும் பியூரிட்டன் குடும்பம் குடிவருகிறது. அவர்களையும் டிக் விடாமல் காக்கிறான். எதிரே நிற்பவர்கள் பார்க்கவே மறுக்கிற ஒருவனின் உழைப்பு. வாசித்தபோது எனக்கு என்னவோ செய்தது.

சரி, மகளின் கேள்வி. பதில் 2000-ல் வந்த நாலாவது புத்தகத்தில் இருக்கிறது. விடுதலையான டாபி சம்பளம் கேட்கிறான் என்பதற்காகவே இரண்டு வருஷம் யாரும் வேலை தரவில்லை. கடைசியில் பள்ளிக்கூடத் தலைவர் டம்பிள்டோர் வாரம் பத்து கேலியன், சனி ஞாயிறு லீவு தருகிறேன் என்கிறார். ‘அவ்வளவு வேண்டாம்’ என்று பேரம் பேசி இவனே குறைக்கிறான். வாரம் ஒரு கேலியன், மாசம் ஒரு நாள் லீவு.

‘‘லூசுப்பா அவன்’’ என்றாள் மகள். பிறகு, ‘‘நம்ம அக்காவுக்கு எத்தனை நாள் லீவு?’’

இப்போது காலையில் நடந்தது. எங்கள் வீட்டில் ஒன்பது வருஷமாக வேலை செய்யும் அக்காவிடம் என் மனைவி, தீபாவளிப் புடவைக்கு என்ன கலர் வேண்டும் என்று கேட்டாள். அவர் பாத்திரம் தேய்த்தபடியே சொன்னார்: ‘‘புடவை வேணாம்மா. குடுத்ததே பீரோல கட்டாம கெடக்கு. சம்பளத்துல ஐந்நூறு ஏத்திக் குடுங்க.’’

பேப்பருக்குப் பின்னால் இருந்த எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் பழகிவிட்டு இப்படிக் கணக்குப் பேசலாமா? கணக்குப் படித்தவன் நான். அவர் பேசியதுதான் எனக்கு வலித்தது! இங்கிலாந்தில் துணி கொடுத்தால் ஆள் போய்விடும். ஆள் போய்விடக் கூடாது என்பதற்காக நாங்கள் துணி கொடுத்துக்கொண்டிருந்தோம். பாலாடைக் கிண்ணத்தில் ஜரிகை வைத்து.

லீவுக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மனைவியிடம் கேட்டேன். ‘‘அப்படித் தனியா எதுவும் பேசலையே. உடம்பு முடியலேன்னா வர மாட்டாங்க’’ என்றாள். டாபிக்கே மாசம் ஒரு நாள் உண்டு. ராத்திரி பதினோரு மணிக்கு மூவரும் உட்கார்ந்து ஐந்நூறும், மாசம் இரண்டு நாளும் என்று முடிவு செய்தோம். முறையாக நானே சொல்வதாக ஏற்பாடு.

மறுநாள் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

‘‘பாப்பா சொல்லிச்சு சார். ரெண்டு நாளும் ஞாயித்துக்கெழமையா எடுத்துக்கறேன்.’’