மாதனூர் ஸ்டாப்பிங்கில் இறங்காதீங்க!

வேலூரிலிருந்து ஆம்பூர் போகிற வழியில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பந்தா உண்டு. பொய்கை என்றால் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை. பள்ளிகொண்டா என்றால் ரங்கநாதர். ஆம்பூர் என்றால்... சொல்லவே வேண்டாம், இந்நேரம் உங்கள் மூக்குக்குச் சீரகச் சம்பா வாசனை வந்திருக்கும்! பாலாற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் குடியாத்தம், லுங்கிக்குப் பேர் போனது. இத்தனை வி.ஐ.பி.க்களுக்கு நடுவே அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருக்கிற ஊர்தான் மாதனூர். பஞ்சாயத்து யூனியன் தலைமையிடம். 2019-ல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்தபோது திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போன ஊர். ஊர்க்காரர்களையும் குடியாத்தத்துக்குப் பஸ் மாறுகிறவர்களையும் விட்டால், மற்றவர்களுக்கு அது ஜன்னலில் ஓடி மறைகிற ஒரு போர்டு.

ஆனால் என் நண்பர் ஒருவருக்கு மாதனூர்தான் உலகத்திலேயே முக்கியமான ஊராக இருந்தது.

நண்பர் என்னைப் போலவே பி.காம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். தினமும் வேலூரிலிருந்து பஸ். ஷிப்மெண்ட் நெருக்கடி, மாசக் கடைசி, ராத்திரி தூக்கம் கிடையாது. ஒருநாள் காலையில் அகரம்சேரி தாண்டியதும் நெஞ்சு தடதடவென்று அடித்தது. விரல் மரத்தது, தொண்டை அடைத்தது, சட்டை வியர்வையில் தொப்பல். 'அவ்ளோதான், போயிட்டோம்' என்று முடிவு கட்டிவிட்டார். மாதனூரில் இறங்கி, ஒரு சோடா குடித்து, கல் மேல் உட்கார்ந்தார். பத்தே நிமிஷம். எல்லாம் சரியாகிவிட்டது!

ஈ.சி.ஜி., தைராய்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் நார்மல். மறுநாள் பஸ் அகரம்சேரியை நெருங்கியது. மறுபடி தடதட. மறுபடி மாதனூர். இரண்டு வாரத்தில் கண்டக்டரே கேட்க ஆரம்பித்துவிட்டார். "இன்னா சார், டெய்லி ஆம்பூருக்கு டிக்கெட் வாங்குற, மாதனூர்ல எறங்கிக்கிற? யாரு சார் இருக்காங்க அங்க?"

விஷயம் சிரிப்பாக இருந்தது அதுவரைதான். அப்புறம் பயம் பின்னால் நகர்ந்தது. பள்ளிகொண்டாவிலேயே இறங்கினார். பிறகு பொய்கை. கடைசியில் வேலூர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையவே கால் வரவில்லை. லீவு எல்லாம் தீர்ந்தது. கம்பெனியிலிருந்து, "வர்றீங்களா, ஆள் போட்டுக்கட்டுமா?" என்று போன்.

இது எப்படி நடக்கிறது? பயத்தில் நாம் வேக வேகமாக மூச்சு விடுகிறோம். ரத்தத்தில் கார்பன்-டை-ஆக்ஸைடு குறைகிறது. அதனால்தான் விரல் மரக்கிறது, தலை சுற்றுகிறது. அதைப் பார்த்து 'ஐயோ, ஹார்ட்!' என்று இன்னும் பயம். இன்னும் வேக மூச்சு. ஆனால் எப்பேர்ப்பட்ட படபடப்பும் உச்சிக்குப் போய்த் தானாகவே இறங்கியாக வேண்டும். உடம்பின் வேலையே அப்படி. நண்பர் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தாலும் அது இறங்கித்தான் இருக்கும். அவரோ இறங்கி ஓடினார். மனசு என்ன எழுதிக்கொண்டது? 'மாதனூர்தான் காப்பாற்றியது!'

நம்ம பாஷையில் சொன்னால், மாதனூரில் கிடைத்த நிம்மதி வரவு இல்லை ஸார், கடன். அதுவும் மீட்டர் வட்டி! மறுநாள் அகரம்சேரியிலேயே வசூலுக்கு வந்து நிற்கும்.

வேலூரில் ஒரு மனநல டாக்டரிடம் போனார். 'மென்ட்டல் டாக்டர்கிட்டயா!' என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். வேலூர்க்காரர்கள் இதற்குக் கூச்சப்படவே கூடாது. சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் 1957-லிருந்து இருக்கிறது. நோயாளியைத் தனியாக விடாமல், வீட்டு மனிதர்களையும் கூடவே தங்கவைத்து வைத்தியம் பார்க்கிற வழியில் இந்தியாவுக்கே முன்னோடி.

டாக்டர் சொன்னது ஏணிப்படி வைத்தியம். தென்னாப்பிரிக்க டாக்டர் ஜோசப் வோல்ப்பி 1958-ல் புத்தகமாக எழுதிய முறையின் வழியில் வந்தது. முதல் நாள் பஸ் ஸ்டாண்டில் அரை மணி சும்மா உட்கார வேண்டும். அடுத்து பொய்கை வரை. பிறகு பள்ளிகொண்டா. ஒவ்வொரு படியிலும் படபடப்பு வரட்டும், இறங்கக்கூடாது. அது தணிகிற வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட வேண்டும். தோளையும் கையையும் இறுக்கித் தளர்த்த வேண்டும். இது எட்மண்ட் ஜேக்கப்சன் என்கிற அமெரிக்க டாக்டர் சொன்ன பயிற்சி. தினம் நடை. நாலு காபி ஒரு காபியானது, ஏனென்றால் காபியே நெஞ்சைத் தடதடக்க வைக்கும்.

மாத்திரை? இங்கேதான் சுவாரஸ்யம். முன்பு யாரோ எழுதிக்கொடுத்த மாத்திரை அட்டை ஒன்று அவர் சட்டைப் பையில் இருந்தது. பல நாள் விழுங்கக்கூட மாட்டார். தொட்டுப் பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான். "அதுவும் ஒரு மாதனூர்தான்" என்றார் டாக்டர். உடனடியாகப் படபடப்பை அடக்கும் அந்த வகை மாத்திரைகள் தினசரிப் பழக்கமானால் விடுவது கஷ்டம். படிப்படியாக அட்டை வீட்டிலேயே தங்கியது.

அதற்காக இதைப் படித்துவிட்டு உங்கள் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்! திடீரென்று நிறுத்தினால் சில மாத்திரைகள் வலிப்பு வரைகூடக் கொண்டுபோகும். சிலருக்கு மாசக்கணக்கில் மருந்து தேவைதான். வேறு வகை மருந்துகள், அடிமையாக்காதவை, இருக்கின்றன. குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் கணக்கு, நம் கணக்கு அல்ல. முதல்முறை நெஞ்சு வலித்தால் 'இது வெறும் டென்ஷன்' என்று நீங்களே தீர்ப்பு எழுதாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மனசு விட்டுப் பேச ஆள் இல்லையென்றால் 14416-க்கு டயல் செய்யுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ், 2022-ல் ஆரம்பித்தது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

நண்பருக்கு ஆறேழு வாரம் ஆயிற்று. நடுவில் ஒருநாள் பள்ளிகொண்டாவில் இறங்கி ஓடவும் செய்தார். மறுநாள் மறுபடி ஏறினார். ஒரு திங்கட்கிழமை, நெஞ்சு தடதடக்கத் தடதடக்கவே மாதனூர் போர்டு ஜன்னலில் ஓடி மறைந்தது. ஆம்பூர் வருவதற்குள் தடதடப்பு அடங்கியிருந்தது. கண்டக்டருக்குத்தான் தாங்கவில்லை. "இன்னா சார், அவங்களோட சண்டையா?"

மாதனூர்க்காரர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. வருஷக்கணக்கில் வெறும் மணலாகக் கிடந்த பாலாறு 2021 நவம்பரில் பொங்கி வந்து குடியாத்தம் ரோட்டுத் தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போனது. அந்த வெள்ளமே வடிந்துவிட்டது. நெஞ்சுக்குள் வருகிற வெள்ளத்துக்குப் பாலத்தை உடைக்கிற சக்தி கிடையாது. நாம் ஓடாமல் நின்றால் அதுவும் வடியும்.

அந்தப் பக்கம் போனால் மாதனூரில் தாராளமாக இறங்குங்கள். டீ குடியுங்கள், பாலாற்றைப் பாருங்கள். ஆனால் டிக்கெட்டை மாதனூருக்கென்றே கேட்டு வாங்குங்கள்!