இறங்கக் கற்றல்

செட்டிகுளம் தண்டாயுதபாணி கோயில் படிகளில் நான் நாள்தோறும் ஆறு முறை ஏறி இறங்குவதைக் கவனித்து வந்த பூக்கார அம்மாள் ஒருநாள் கேட்டே விட்டார். "என்ன வேண்டுதல் தம்பி? முதுகுல மூட்டை வேற!"

மூட்டையில் இருந்தது பத்துக் கிலோ பொன்னி அரிசி. வரும் ஜூன் மாதம், மணாலிக்கு அப்பால் சோலாங் பள்ளத்தாக்கின் மேலே நிற்கும் ஃபிரண்ட்ஷிப் சிகரத்தில் (5,289 மீட்டர்) வழிகாட்டிகளுடன் ஏறப் பெயர் கொடுத்திருக்கிறேன். எட்டு நாள் பயணம். பெரம்பலூர்க்காரனுக்குப் பனி என்பது மார்கழிக் காலையில் பருத்திச் செடிமேல் படிவது மட்டுமே. ஆகவே வாரநாட்களில் படிக்கட்டு, ஞாயிறுகளில் லாடபுரம் வழியே பச்சைமலை என நான்கு மாதங்களாகப் பழகுகிறேன்.

கால்களும் நெஞ்சும் இங்கே பழகிவிடும். உயரம் பழகாது. ஐயாயிரம் மீட்டரைத் தாண்டினால் காற்றழுத்தம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அவ்வளவே. மூவாயிரம் மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது என்பார்கள். பகலில் உயர ஏறி, இரவில் தாழ இறங்கி உறங்கவேண்டும். உச்சிக்கு நள்ளிரவுக்குப் பின் கிளம்பவேண்டும். வெயில் ஏறிப் பனி இளகுமுன் இறங்கிவிடவேண்டும். இவையெல்லாம் எனக்கு மனப்பாடம். என் கவலை வேறு.

ஆறு ஆண்டுகளுக்கு முன் வேறொரு மலையில், நாலாயிரம் மீட்டர் உயரத்துக் கூடாரத்தில், தலை பிளப்பதுபோல் வலித்தது. உணவு இறங்கவில்லை. வழிகாட்டி வந்து விசாரித்தபோது "ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்" என்றேன். குழுவில் நான்தான் மூத்தவன். அலுவலகத்தில் சால்வை போர்த்தி அனுப்பியிருந்தார்கள். அன்றிரவே நேர்கோட்டில் நாலடி நடக்க முடியாமல் தடுமாறினேன். மூளை வீங்கத் தொடங்கியதன் அடையாளம் அது. சுமை தூக்கும் இரண்டு இளைஞர்கள் இருட்டில், சறுக்கும் பாறைகளில், என்னைத் தாங்கிக் கீழே கொண்டுவந்தார்கள். அந்நோய்க்கு இறங்குவதே முதல் மருந்து. நான் பிழைத்தேன். ஆனால் என் ஒரு பொய்யால் அவ்விருவரின் உயிரும் பணயமானதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

எனவே இம்முறை இன்னொரு பயிற்சியும் உண்டு. தினமும் இரவில் என் மனைவி, வழிகாட்டி கேட்பதுபோலவே கேட்கிறாள்: "தலை வலிக்கிறதா? சாப்பிட முடிந்ததா? எங்கே வலி?" மறைக்காமல் பதில் சொல்லவேண்டும். "இன்று இடது முழங்கால் சரியில்லை" என்று சொல்வது, நம்புங்கள், நூறு படி ஏறுவதைவிடக் கடினம்.

சென்ற வாரம் மகளுடன் அரியலூர்ப் பக்கம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். சுருள் சுருளாக அம்மோனைட்டுகள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இம்மண்மேல் ஏறியும் பின்வாங்கியும் இருந்ததன் சாட்சிகள். இமயத்தில் கிடைக்கும் சாளக்கிராமமும் இதே இனத்துப் புதைபடிவம்தான். கடலே பின்வாங்கிய ஊர்க்காரன் நான். உச்சிக்கு நூறு மீட்டர் இருக்கையில் திரும்பச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்று அங்கே நின்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

நேற்றுத்தான் பூக்கார அம்மாளுக்குப் பதில் சொன்னேன். "பத்திரமாத் திரும்பி வரணும்னுதாம்மா வேண்டுதல்."

"அதுக்கு எதுக்குத் தம்பி அரிசி மூட்டை?" என்றார் அவர்.